வெட்டின வயலைத் திரும்ப வெட்ட ஏலாது

கனடாவில் ஒரு விவசாயி சொந்தக் காசில் வாங்கிய மெசினைத் தானே திருத்த முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று சொன்னால் எங்கட ஆக்கள் சிரிக்கிறார்கள். "ஏசி போட்ட பெட்டிக்குள்ள இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வெட்டுறான். மெசினே அரை மில்லியனுக்கு மேல. அவனுக்கு என்ன குறை?" இப்படிக் கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்கார அண்ணர் ஒருவர். தன்னுடைய காரில் ஒரு லைற் எரிந்ததற்கு, அது ஏன் எரிகிறது என்று கணனியில் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் டீலரிடம் நூற்றைம்பது டொலர் கட்டிவிட்டு வந்து ஒரு கிழமை புலம்பியவரும் அவர்தான். இரண்டும் ஒரே வருத்தம் என்பது அண்ணருக்கு ஏறவில்லை. அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

றெஸ்ரோரன்ற் குசினியில் நிற்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம். நான் வேலை செய்வது தென்மேற்கு ஒன்ராறியோவில், சுற்றிவர சோளமும் சோயாவும் குளிர்காலக் கோதுமையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு சின்ன ஊரில். காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும். ஆறு பத்துக்கு விவசாயிகள் வந்து குந்திவிடுவார்கள். அவர்களுக்கு முட்டை பொரித்தே பதினைந்து வருடம் போய்விட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் விவசாயம் படித்து, முடிக்க விதியில்லாமல் வெளிக்கிட்டவன் நான் என்பது அவர்களில் ஒரு பெரியவருக்கு ஒருநாள் தெரியவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு விண்டரிலும், கடையில் சனம் குறைந்த பின்நேரங்களில், கணனியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். திறந்தால் உள்ளே கலர் கலராய் அவருடைய வயல்கள்.

அதற்குப் பெயர் விளைச்சல் வரைபடம். கொம்பைன் என்பது வெட்டு, சூடடிப்பு, தூற்றல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் மெசின் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே தூற்றி முடித்த தானியத்தை ஒரு சங்கிலி மேலே ஏற்றித் தொட்டிக்குள் எறியும். எறியும் வாயில் ஒரு தட்டு. தானியம் அந்தத் தட்டில் மோதும் விசையை ஒரு சென்சர் அளக்கிறது. ஈரப்பதனுக்கு இன்னொரு சென்சர். மெசின் ஓடும் வேகம், வெட்டுத் தலையின் அகலம், ஜிபிஎஸ் சொல்லும் இடம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வினாடிக்கு வினாடி ஒரு கணக்கு: இந்த இடத்தில் ஏக்கருக்கு இத்தனை புசல். (புசல் என்றதும் சிரிக்காதீர்கள். வன்னியில் அப்பா நெல்லுக்குச் சொன்ன அதே புசல்தான். வெள்ளைக்காரன் அங்கே விட்டுவிட்டுப் போனதை இங்கேயும் விடவில்லை.) அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அல் மையர்ஸ் என்பவர் தொடங்கிய ஏஜி லீடர் கொம்பனி 1992இல் இப்படியொரு மொனிற்றரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பெரிய கொம்பைன்களில் இது கூடவே வருகிறது. நல்ல கண்டுபிடிப்பு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் எந்த இடத்திலும் தானியத்தை யாரும் நிறுக்கவில்லை. மோதுகிற விசையை வைத்து நிறையை ஊகிக்கிறார்கள். ஊகம் சரிவர வேண்டுமானால் விவசாயி கலிபிரேட் பண்ணவேண்டும். மெதுவாக ஓடி ஒரு லோட், வேகமாக ஓடி ஒரு லோட் என்று நாலைந்து லோட்டைத் தனித்தனியே வெட்டி, தராசில் நிறுத்து, அந்த எண்ணை மொனிற்றருக்குச் சொல்லவேண்டும். சோயாவுக்கு ஒருதரம், சோளத்துக்கு ஒருதரம். தானியத்தின் ஈரம் மாறினால் இன்னொருதரம். ஒழுங்காகச் செய்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பிழையோடு நிற்கும். செய்யாவிட்டால் அது வெறும் கலர்ப் படம். அதோடு, வெட்டுத் தலையில் நுழைந்த தானியம் சென்சருக்கு வந்துசேர பத்துப் பதினைந்து வினாடி எடுக்கும். மணிக்கு ஆறரைக் கிலோமீற்றர் ஓடும் மெசின் பன்னிரண்டு வினாடியில் இருபது மீற்றருக்கு மேல் தாண்டிவிடும். அந்தத் தாமதத்தைப் பிழையாகக் கொடுத்தால் பள்ளத்து விளைச்சல் மேட்டிலும் மேட்டு விளைச்சல் பள்ளத்திலும் போய் உட்காரும்.

இனிப் பெரியவரின் கதை. அவருடைய மெசின் எந்தக் கொம்பனி, எந்த நிறம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு மற்றதை வாங்கப் போவீர்கள்.

2022 இலையுதிர்காலம். அறுபது ஏக்கர் சோயா, சொந்தக் காணி. மனிசன் ஒழுங்கானவர், அந்த வருடமும் நிறுத்துப் பார்த்துத்தான் தொடங்கினார். மேற்குப் பாதி வெட்டிமுடித்துக் கிழக்கில் இறங்கியபோது மொனிற்றர் குறைத்துக் காட்டத் தொடங்கியது. தொட்டி நிரம்பும் வேகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிகிறது, திரையில் இருக்கும் எண் பொய் என்று. டீலருக்கு அடித்தார். "பதிந்திருக்கிறோம், ஆள் வரும்" என்றார்கள். ஆள் ஐந்தாம் நாள் வந்தது. அதற்குள் மழை வரப்போகிறது என்று அவர் வெட்டிமுடித்துவிட்டார். ஒக்ரோபரில் சோயாவை வைத்துக்கொண்டு டீலருக்குக் காவலிருக்க எந்தக் கமக்காரனாலும் முடியாது. வந்த பொடியன் மடிக்கணனியைச் செருகினான், பிழைக் குறியீடுகளை அழித்தான், மென்பொருளைப் புதுசாக்கினான், "இனிக் கலிபிரேட் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எதைக் கலிபிரேட் பண்ணுகிறது? வயலில் தாள்தான் நிற்கிறது. பில் மட்டும் பிழையில்லாமல் வந்தது. வந்துபோன நேரம் தனி, வேலைநேரம் தனி.

மொனிற்றர் சொன்னது ஏக்கருக்கு 41 புசல். தானியக் களஞ்சியத்துத் தராசுச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் 49. அறுபது ஏக்கருக்கு 480 புசல் வித்தியாசம். சோயா ஒரு புசல் 60 இறாத்தல். அதாவது பதின்மூன்று தொன் சோயாவை அந்தப் படம் விழுங்கிவிட்டது.

விண்டரில் கொட்டிலுக்குள் வைத்து அவரே கழற்றிப் பார்த்தார். தட்டு தேய்ந்து, அதைத் தாங்கும் பிடி இளகிக் கிடந்தது. மெசின் வெறுமையாக ஓடும்போது சென்சர் பூச்சியத்தில் நிற்கவேண்டும். நிற்கிறதா இல்லையா என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் அந்தத் திரை டீலரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. சென்சரும் அவருடையது, மொனிற்றரும் அவருடையது, அதற்குள் ஓடும் ஒரே ஒரு எண்ணைப் பார்க்க அவருக்கு உரிமை இல்லை.

"மொத்தத்தைத் திருத்திவிட்டால் போச்சு, எல்லாவற்றையும் 49 வரும்படி பெருக்கிவிடலாமே" என்று கொம்பனிக்காரர் சொல்லுவார்கள். அவரிடமும் சொன்னார்கள். இதுதான் எனக்கு விசர் வந்த இடம். மொத்த விளைச்சலை அறிய இந்த மெசின் எதற்கு? தராசுச் சீட்டு போதும், அது நூறு வருடமாய் இருக்கிறது. இந்தப் படத்துக்குக் காசு கொடுப்பது எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரியத்தான். பழுது நடுவில் தொடங்கியது. மேற்கில் பிழை இல்லை, கிழக்கில் பிழை. அதிலும் தானியம் குறைவாக வரும் இடத்தில் ஒரு அளவு பிழை, கூட வரும் இடத்தில் இன்னொரு அளவு. ஒரே எண்ணால் பெருக்கினால் நல்ல பாதியும் கெட்டுப்போகும். மொத்தத்தைத் திருத்தலாம், இடத்தைத் திருத்த ஏலாது. (அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆராய்ச்சியாளர்கள் மிசூரியில் யீல்ட் எடிட்டர் என்றொரு மென்பொருள் செய்து இலவசமாகவே கொடுத்தார்கள். திரும்பும் இடத்துக் குளறுபடி, வேகம் மாறின இடம், தாமதம் எல்லாவற்றையும் அது துடைக்கும். உட்கார்ந்து பார்த்தோம். தேய்ந்த தட்டை அதாலும் துடைக்க முடியாது.)

அவருக்கு இது விளையாட்டில்லை. கிழக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது, நிலத்துக்கடியில் வடிகால் குழாய் தாட்பதா, தாட்டால் எத்தனை ஏக்கருக்கு என்று முடிவெடுக்கத்தான் அந்தப் படத்துக்குக் காத்திருந்தார். படத்தில் முப்பது ஏக்கரும் சிவப்பு. அதில் எது தண்ணீர், எது தட்டு? யாருக்கும் தெரியாது. இங்கே பயிர்ச்சுழற்சி உண்டு. அந்த வயலில் 2023இல் கோதுமை, 2024இல் சோளம். அவையும் படம் தரும்தான், ஆனால் தண்ணீர் நின்று சோயாவுக்குச் செய்கிற கெடுதியைச் சோயாதான் சொல்லவேண்டும். சோயா திரும்ப வந்தது 2025இல். அப்போது ஒழுங்காக எழுதியது. உண்மையான சிவப்பு பத்து ஏக்கர்தான். அதையும் சேர்த்து மூன்று வருடம் சும்மா விட்டதுதான் கண்ட பலன். மகனின் பேச்சைக் கேட்டு முதல் படத்தை நம்பியிருந்தால் இருபது ஏக்கருக்கு வீணாய்க் குழாய் தாட்டிருப்பார்.

குளிர்சாதனப்பெட்டி பழுதானால் பால் கெடும். ஐந்தாம் நாள் திருத்தினாலும் ஆறாம் நாள் திரும்பக் குளிரும். விளைச்சல் மொனிற்றர் அப்படி இல்லை. அது வேலை செய்யவேண்டியது வருடத்தில் சில கிழமை. ஒரு வயலுக்கு ஒரு நாள். அந்த நாளில் தவறினால் அந்த வருடத்து விளைச்சல் எழுதாமலே போய்விடும். இதை விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? விற்பனைப் புத்தகத்தில் "உங்கள் நிலத்தின் நினைவு" என்கிற மாதிரி எழுதத் தெரிகிறது. அந்த நினைவு அழிந்தால் யார் பொறுப்பு என்ற இடத்தில் மட்டும் பொடி எழுத்து. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிற தராசுக்குக்கூட இந்த நாட்டில் சட்டம் உண்டு, மெஷர்மென்ற் கனடா என்று ஒரு அரச நிறுவனமே அதற்கு இருக்கிறது. வயலுக்குள் ஓடும் இந்த மானியை வைத்து யாரும் யாருக்கும் தானியம் விற்பதில்லை என்பதால் அது அந்தக் கணக்கில் வராது. ஆனால் அதை நம்பி பசளை போடுகிறான், குழாய் தாட்கிறான், குத்தகைக்குப் பேசுகிறான்.

அந்தப் பொடியனை நான் குற்றம் சொல்லவில்லை. எங்கள் கடையில்தான் அவனும் சாப்பிடுவான், ஒக்ரோபரில் கண் சிவந்து வருவான். ஊருக்கு ஊர் டீலர் இருந்த காலம் போய், ஒன்றையொன்று விழுங்கி, இப்போது எழுபது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். அங்கே மெசின் விற்க ஆறுபேர், மொனிற்றர் தெரிந்தவன் இவன் ஒருவன். ஆள் இல்லாதது டீலரின் பிரச்சினை. ஆள் இல்லாதபோதும் மற்றவன் தொடக்கூடாது என்று பூட்டிவைப்பது கொம்பனியின் பிரச்சினை. இரண்டும் சேரும்போதுதான் விவசாயியின் கழுத்து நெரிகிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தேன். அமெரிக்காவில் 2023 ஜனவரியில் ஜோன் டியர் கொம்பனியும் அங்கத்தைய பெரிய விவசாயிகள் சங்கமான ஃபார்ம் பியூரோவும் ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. திருத்தும் கருவிகளைக் கொடுப்போம் என்றது கொம்பனி. பதிலுக்கு, திருத்தும் உரிமைக்குச் சட்டம் கேட்கமாட்டோம் என்றது சங்கம். நாங்கள் எத்தனை உடன்பாடு பார்த்த சனம்! கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கொலராடோ மாநிலம் அதே வருடம் விவசாய மெசின்களுக்கென்றே சட்டம் போட்டு, 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் இலினோய், மினசோட்டா மாநிலங்களும் ஜோன் டியர்மேல் வழக்குப் போட்டன. முழுத் திறனுள்ள திருத்தும் மென்பொருள் டீலருக்கு மட்டும், விவசாயிக்குக் குறைப்பதிப்பு என்பது அந்த வழக்கின் முக்கிய குற்றச்சாட்டு. உடன்பாடு முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு!

கனடாவில் 2024 நவம்பரில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. முதலாவது, திருத்துவதற்காக மென்பொருள் பூட்டை உடைத்தால் இனிக் குற்றமில்லை என்கிறது. மற்றது, ஒரு கொம்பனியின் கருவியை இன்னொன்றோடு பொருத்துவதற்காக உடைத்தால் குற்றமில்லை என்கிறது. பெரியவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "உடைக்கலாம் சரி, எதால் உடைப்பது?" கொம்பனி உனக்குக் கருவியும் கடவுச்சொல்லும் தரவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டங்களில் இல்லை. கதவை உடைக்க அனுமதி, கோடாலிக்கு வழியில்லை.

அண்ணர் சிரித்தாரே, அவருக்கு என்னுடைய பக்கத்தையும் சொல்லுகிறேன். எங்கள் குசினியில் நீராவியிலும் சூட்டிலும் சமைக்கிற ஒரு பெரிய கொம்பி அவண் இருக்கிறது. போன வருடம் சனிக்கிழமை இரவு ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கையேட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போனார். முதலாளி பில்லைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். அந்தக் கிழமை எனக்கு இரண்டு ஷிஃப்ற் குறைந்தது. மக்டொனால்ட்ஸ் ஐஸ்கிறீம் மெசின் எப்போதும் பழுது என்று உலகமே பகிடி விடுகிறதே, அதற்குப் பின்னாலும் இதே பூட்டுத்தான். 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில், கடைகளில் உணவு தயாரிக்கும் மெசின்களைத் திருத்தப் பூட்டை உடைக்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். றக்ரருக்கு அதே விலக்கு 2015இலேயே கிடைத்தது. ஆக, கமக்காரன் எங்களைவிட ஒன்பது வருடம் முந்திச் சண்டை பிடித்திருக்கிறான். அவனைப் பார்த்தா சிரிக்கிறது?

"கண்டவனும் கை வைத்தால் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுப்பான், ஆபத்து வரும்" என்பது கொம்பனிகளின் பல்லவி. இயந்திரத்தின் புகையில் கைவைக்காதே என்று சட்டம் போடு, போடவும் வேண்டும். தட்டின் பூச்சியத்தைப் பார்ப்பதால் எந்தக் காற்று மாசடையும்? "விவசாயிகளே கலிபிரேட் பண்ணுவதில்லை" என்பது அடுத்தது. பலர் பண்ணுவதில்லை, உண்மை. எங்கள் கடை மேசையிலேயே அப்படி நாலுபேர் இருக்கிறார்கள், வந்த படத்தைச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். பண்ணின ஒருவருக்கு நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

விவசாயிக்குப் பார்க்க முடியாத தரவு மற்றவர்களுக்குக் கசக்கவில்லை என்பதையும் பாருங்கள். விதையும் மருந்தும் விற்ற மொன்சான்டோ 2013இல் கிளைமேற் கோர்ப்பரேஷன் என்ற வயல்தரவுக் கொம்பனியைச் சுமார் ஒரு பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2018இல் மொன்சான்டோவையே பேயர் வாங்கியது. தரவுக்குப் பெறுமதி இல்லாமலா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்ரெம்பர் 12இலிருந்து, இணையத்தோடு இணைந்த பொருள் ஒன்றை வைத்திருப்பவர் அது உருவாக்கும் தரவைக் கேட்டுப் பெறலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விவசாய மெசினும் அதற்குள் அடங்கும். பாரிசிலும் பேர்லினிலும் இருக்கும் ஆக்களே, உங்களுக்கு வந்தது எங்களுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்று. 2022இல் உக்ரேனின் மெலிற்றப்போல் நகரிலிருந்து ரஷ்யப் படை கொள்ளையடித்துப்போன ஜோன் டியர் மெசின்களைத் தூரத்திலிருந்தே பூட்டிப்போட்டார்கள். செய்தி வாசித்து நானும் சந்தோஷப்பட்டேன், கொள்ளைக்காரனுக்கு அது வேணும். ஆனால் அந்தத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்று பிறகு யோசித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சென்சர் என்ன காட்டுகிறது என்ற திரையை வாங்கியவனுக்குத் திறந்துவிடு. வெட்டுக் காலத்தில் அழைத்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் ஆள், இல்லாவிட்டால் அந்த வருடத்துச் சந்தாக் காசு திரும்ப என்று விற்கும்போதே எழுதிக் கையெழுத்து வை. பக்கத்து ஊர்த் தனி மெக்கானிக்குக்கும் அதே கருவியை நியாயமான விலைக்குக் கொடு. பெரியவர் அடுத்த மெசின் வாங்கும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகப்போகிறார். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். ஆங்கிலத்தில் அவருக்கு என்னைவிடப் பிழை கூட.

போன கிழமை கண்டாவளையிலிருந்து தங்கச்சியின் மகன் வைபரில் ஒரு படம் அனுப்பினான். யாரோ ஒரு கொம்பனிக்காரர் வந்து, எங்கட வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு, பச்சையும் சிவப்புமாய் ஒரு வரைபடம் காட்டியிருக்கிறார். முதல் போகம் இலவசமாம், அடுத்த போகத்திலிருந்து ஏக்கருக்குக் காசாம். "மாமா, நல்லதோ?" என்று கேட்டிருந்தான். நல்லதாயிருக்கும். ஆனால் இந்தச் சிவப்பை எந்த மூடையை நிறுத்துப் பார்த்துச் சொன்னவர்கள், பழுதானால் கிளிநொச்சியில் யார் திறந்து பார்ப்பான், காசு கட்டாமல் விட்டால் பழைய படங்கள் உன்னிடம் இருக்குமா என்று கேட்டு எழுது என்றேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கொம்பனிக்காரரிடம் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.